நாகம்மாள் கேட்ட பங்கு

தாராபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கீரனூர் என்ற சிற்றூரில் பிறந்தவர் ஆர். சண்முகசுந்தரம். அவருடைய முதல் நாவலான ‘நாகம்மாள்’ 1942இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 25. கு.ப. ராஜகோபாலன் அதற்கு முன்னுரை எழுதினார். பிற்காலத்தில் விமரிசகர் க.நா. சுப்ரமண்யம் அந்த நாவலைத் தொடர்ந்து முன்னிறுத்திப் பேசினார். பெருமாள்முருகன் சண்முகசுந்தரத்தின் படைப்புகளையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். இவ்வளவுக்குப் பிறகும் பொதுவாசகர் மனத்தில் ‘நாகம்மாள்’ பற்றித் தங்கியிருப்பது ஒரு பட்டம்தான்: தமிழ் வட்டார நாவலின் முன்னோடி.

அந்தப் பட்டம் பொருத்தமானதுதான். ஆனால் அதைச் சொன்னதும் நம் பேச்சு கொங்குத் தமிழ், கிராமத்துப் பழக்கவழக்கம் என்று மண்ணைச் சுற்றியே போய்விடுகிறது. அந்த மண்ணில் நிற்கும் நாலைந்து பேர் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பிணைந்திருக்கிறார்கள் என்ற கேள்வி பின்னால் தங்கிவிடுகிறது. பாத்திரங்களையும் அவர்களுடைய உறவுகளையும் ஆராயப் பழக விரும்பும் ஒருவருக்குத் தமிழில் முதலில் கொடுக்க வேண்டிய நூல் இது என்பது என் எண்ணம். அளவில் சிறியது. பாத்திரங்கள் குறைவு. ஆனால் ஒரு பாத்திரத்தைத் தனியே பிடித்து இழுத்தால் மற்ற எல்லோரும் கூடவே வருவார்கள்.

கதை இதுதான். சிவியார்பாளையம் என்ற கிராமம். நாகம்மாள் சின்ன வயதிலேயே கணவனைப் பறிகொடுத்தவள். முத்தாயா என்ற பெண்குழந்தையோடு, கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயி ஆகியோரின் வீட்டில் இருக்கிறாள். ஊருக்குள் யாருக்கும் அடங்காத கெட்டியப்பனோடு அவளுக்குப் பழக்கம். கெட்டியப்பனும் மணியக்காரரும் தூண்டிவிட, நிலத்தில் தனக்குள்ள பங்கைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறாள். சின்னப்பன் இசையவில்லை. ராமாயியின் தாய் காளியம்மாள் வந்து, இருப்பதை விற்றுவிட்டுத் தன் ஊருக்கே வந்துவிடும்படி மகளையும் மருமகனையும் அழைக்கிறாள். மனக்கசப்பு முற்றுகிறது. கடைசியில் கெட்டியப்பன் கையால் சின்னப்பன் கொலையுண்டு போகிறான்.

நாகம்மாளைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் சுலபமாக வாயில் வந்துவிடும். ஒன்று, கூடி வாழ்ந்த குடும்பத்தைக் கெடுத்தவள். மற்றது, ஆண்களின் உலகத்தை எதிர்த்து நின்ற கலகக்காரி. இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் செய்வது ஒரே வேலைதான். கதையில் நடக்கும் எல்லாவற்றையும் ஒருத்தியின் குணத்துக்குள் அடைத்துவிடுகின்றன. நடந்ததற்கெல்லாம் அவளுடைய ஆசை காரணம், அல்லது அவளுடைய துணிச்சல் காரணம். அப்படியானால் சின்னப்பன் ஏன் பங்கு தர மறுத்தான்? அவன் கெட்டவன் என்று நாவலில் எங்கேயும் சொல்லப்படவில்லை. உழைப்பாளி. அண்ணன் மனைவியையும் குழந்தையையும் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறவன். அவனுடைய மறுப்பைக் குணத்தைக் கொண்டு விளக்க முடியாது.

இங்கே நம் வகுப்பறைகளில் வழக்கமாகக் கையில் எடுக்கும் கருவியும் பெரிதாக உதவுவதில்லை. ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் ஆற்றிய சொற்பொழிவுகளில், பாத்திரங்களைத் தட்டையானவை, முழுமையானவை என்று பிரித்தார். ஒரே குணத்தால் சொல்லிவிடக்கூடியது தட்டை. நம்பும்படியாக நம்மை வியக்க வைக்கக்கூடியது முழுமை. அந்த அளவுகோலை வைத்தால் நாகம்மாள் முழுமை, கெட்டியப்பன் தட்டை என்று எழுதி முடித்துவிடலாம். கெட்டியப்பன் இல்லாமல் நாகம்மாளால் ஏன் எதையும் செய்ய முடியவில்லை என்பதை மட்டும் அந்த அளவுகோல் சொல்லாது.

இதைவிடப் பொருத்தமான பார்வை நம்மிடம் பழைய காலத்திலிருந்தே இருக்கிறது. தொல்காப்பியத்தின் அகப்பொருள் பகுதியில் தனிமனிதர்களுக்குப் பெயரே கிடையாது. பெயர் சொல்லக்கூடாது என்பதே விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாணன், கண்டோர் என்று எல்லோரும் உறவாலோ நிற்கும் இடத்தாலோதான் அறியப்படுகிறார்கள். யார் யாரிடம் பேசலாம், எந்தச் சந்தர்ப்பத்தில் பேசலாம், எதைப் பேசலாம் என்பதுதான் அங்கே பாத்திரத்தின் இலக்கணம். கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் நடப்பவர்களுக்கு வாயில்கள் என்று பெயர். தோழி, பாணன், விறலி, விருந்தினர் என்று பன்னிரண்டு பேரைத் தொல்காப்பியம் சொல்கிறது. ஒரு மனிதரின் உள்ளத்துக்குள் நுழையும் முன்னால் அவரைச் சுற்றியுள்ள பேச்சின் பாதைகளைப் பார்க்கச் சொல்கிற முறை இது. தனிமனித மனம்தான் நாவலின் கண்டுபிடிப்பு என்று சொல்லிச் சொல்லி, இந்த முறையை நவீன இலக்கியத்துக்கு உதவாது என்று ஒதுக்கிவிட்டோம். குடும்பமும் நிலமும் நடுவில் இருக்கும் கதைகளுக்கு இது இன்றும் நன்றாகவே உதவுகிறது.

அந்தப் பார்வையோடு நாகம்மாளின் கோரிக்கைக்கு வருவோம். அவள் கேட்டது கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அளந்து, கல் நட்டு, இது உன் காடு என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் அந்தக் காட்டில் ஏர் பூட்டப் போவது யார்?

கொங்கில் மானாவாரி நிலத்தைக் காடு என்பார்கள். கிணறு வெட்டி இறைத்தால் அது தோட்டம். அமராவதி ஆற்றின் கரையோர ஊர்களுக்கு வாய்க்கால் தண்ணீர் உண்டு. ஆற்றைவிட்டு விலகிய ஊர்களுக்குக் கிணறுதான் கதி. அந்தக் காலத்துக் கிணற்றில் கவலை பூட்டி இறைத்தார்கள். ஒரு சோடி எருது கிணற்று மேட்டிலிருந்து சரிவான வாரியில் இறங்கும்போது வடக்கயிறு நீர் மொண்ட பறியை மேலே கொண்டுவரும். ஓட்டுகிறவன் அந்தக் கயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பான். தண்ணீர் வாய்க்காலில் விழுந்ததும் எருதுகளைப் பின்னுக்கு நடத்தி மேட்டுக்குக் கொண்டுவந்து, திரும்பவும் இறக்குவான். விடிவதற்கு முன்னால் தொடங்கி வெயில் ஏறும்வரை இதே வேலை. களை எடுப்பது, கதிர் அறுப்பது, பருத்தி எடுப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது எல்லாம் பெண்கள் செய்தார்கள். ஏர் பிடிப்பதும் கவலை ஓட்டுவதும் ஆண்கையில் இருந்தன. பலத்தைவிட வழக்கம்தான் அங்கே பெரிய தடை.

நிலம் பிரிவதில் இன்னொரு சிக்கல் உண்டு. காட்டை வரப்பு போட்டுப் பிரிக்கலாம். கிணற்றை எப்படிப் பிரிப்பது? பங்காளிகளுக்குள் கிணறு பொதுவாகவே இருக்கும். இன்ன நாள் உனக்கு, இன்ன நாள் எனக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். பிரிந்தவர்கள் அதற்குப் பிறகும் ஒரே கிணற்று மேட்டில் மாறி மாறி வந்து நிற்க வேண்டும். பாகம் பிரிந்த பிறகும் உறவு முறியாது; சட்டதிட்டம் கூடுதலாகிறது, அவ்வளவுதான்.

இந்த வேலைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கெட்டியப்பனின் இடம் வேறாகத் தெரிகிறது. அவன் நாகம்மாளின் இளமைக்கும் தனிமைக்கும் கிடைத்த துணை என்பது வெளிப்படை. அதோடு, அவள் கேட்கும் பங்கை நிலமாக வைத்துக்கொள்ள அவளுக்கு வேண்டிய ஆண்கையும் அவன்தான். பையன் இருந்தால் அவன் வளரும்வரை காத்திருக்கலாம். அவளுக்கு இருப்பது முத்தாயா. பண்ணையாள் வைத்துப் பயிரிடலாம் என்றாலும், கணவன் இல்லாத பெண் வைத்திருக்கும் ஆளை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கவுண்டர் குடும்பங்களில் கைம்பெண் மறுமணம் வழக்கத்தில் இல்லாத காலம் அது. ஆகவே அவளுக்கு உழவுக்கு ஒரு ஆளைக் கொண்டுவரக்கூடிய மரியாதையான வழி எதுவுமே இல்லை. மரியாதையில்லாத வழி ஒன்று இருந்தது. அதன் பெயர் கெட்டியப்பன்.

சின்னப்பனின் மறுப்பும் இப்போது விளங்குகிறது. அவன் அண்ணிக்குக் கொடுக்க மறுக்கவில்லை. அண்ணிக்குக் கொடுத்தால் அது கெட்டியப்பனின் ஏருக்கடியில் போகும் என்று நினைக்கிறான். தன் அண்ணன் உழுத மண்ணில், பொதுக் கிணற்றின் மேட்டில், முறை நாளில் கெட்டியப்பன் வந்து நிற்பதைச் சின்னப்பனால் எண்ணிப் பார்க்கவும் முடியாது. அந்தக் கோணத்தில் அவன் செய்வது நியாயம். பங்கைக் கேட்பவளின் கோணத்தில் அவள் கேட்பதும் நியாயம். நாவலின் வலிமை, இரண்டையும் நம் முன்னால் வைத்துவிட்டு, எதையும் தணித்துச் சொல்லாமல் விட்டுவிடுவதில் இருக்கிறது. நாகம்மாளும் கெட்டியப்பனும் கொண்ட உறவைக் காமம் என்ற ஒரு சொல்லுக்குள் வைத்துப் பேசும் விமரிசனங்கள் இந்த ஏரையும் கவலையையும் பார்க்கத் தவறிவிடுகின்றன.

சட்டத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். நாவல் வெளிவந்த ஆண்டு இந்த விஷயத்தில் தற்செயலாக ஒரு கூர்மையான இடத்தில் விழுகிறது. பழைய சட்டப்படி, பிரியாத இந்துக் கூட்டுக்குடும்பத்தில் ஒருவன் ஆண்வாரிசு இல்லாமல் இறந்தால், அவனுடைய பங்கு உயிரோடு இருக்கும் சகோதரனைச் சேரும். விதவைக்குச் சீவனாம்சம் மட்டுமே. 1937இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் இதை மாற்ற முயன்றது. கணவனின் பங்கில் விதவைக்கு ஆயுள்கால உரிமை கொடுத்தது. ஆனால் 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம், மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் தனிச் சட்டம் இயற்றி விவசாய நிலத்துக்கும் அதை விரிவுபடுத்தியது 1947இல். இடைப்பட்ட காலத்தில், வீட்டில் பங்கு கேட்கலாம், காட்டில் கேட்க முடியாது என்பதுதான் நிலை. விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்குக் காட்டைத் தவிர வேறு என்ன சொத்து?

சண்முகசுந்தரம் தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. நாவல் வழக்காடு மன்றத்துக்குள் போகவும் இல்லை. ஆனால் பிரியாத குடும்பம் என்றால், நாகம்மாள் அன்று கோர்ட்டுக்குப் போயிருந்தால் தோற்றிருப்பாள். சட்டம் கொழுந்தன் பக்கம் இருக்கும்போது அவள் மணியக்காரரைத்தான் நம்ப முடியும். கெட்டியப்பனின் முரட்டுத்தனத்தைத்தான் நம்ப முடியும். நேரான வழி அடைபட்ட இடத்தில்தான் இடைத்தரகர்களுக்கு வேலை வருகிறது.

மணியக்காரர் என்றால் வரி வசூலிப்பவர், சர்க்காரின் முகமாக ஊரில் நடமாடுபவர். வரிப்பணம் அவர் கையில்; யாருடைய நிலம் எது என்ற பேச்சில் அவர் சொல்லுக்கு எடை அதிகம். பரம்பரையாக வந்த அந்தப் பதவி தமிழ்நாட்டில் 1980இல்தான் ஒழிந்தது. அவர் நாகம்மாளுக்காகப் பேசுவது அவள்மேல் உள்ள பரிவால் அல்ல. இரண்டு பங்காளிகள் அடித்துக்கொண்டால் இருவரும் வந்து நிற்க வேண்டிய இடம் அவருடைய திண்ணை. அகப்பாடல்களில் வாயிலாக வருபவர்கள் ஊடலைத் தீர்ப்பதற்காக நடக்கிறார்கள். இங்கே வாயில்கள் பிரிவை வளர்ப்பதற்காக நடக்கிறார்கள். கதையின் மனிதர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதைவிட, மூன்றாம் ஆளின் வாய்வழியாக ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்படுவதுதான் விஷயத்தை நகர்த்துகிறது. ஒரு நாவலையோ நாடகத்தையோ ஆராயும்போது யார் யாரிடம் நேரில் பேசினார்கள், யாரைப் பற்றி யார் மூலமாகக் கேட்டார்கள் என்று இரண்டு பத்தியாகக் குறித்து வைத்துப் பாருங்கள். வன்முறை எங்கே முளைத்தது என்பது பெரும்பாலும் இரண்டாவது பத்தியில் இருக்கும். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலிலும் காளி தராத சம்மதம் அண்ணன், தாய் என்று மற்றவர் வாய்வழியாகப் பொன்னாவிடம் போய்ச் சேர்வதுதான் காளியையும் அவளையும் பிரிக்கிறது.

கொங்கு மண்ணைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன சினிமா இந்த இடத்தில் நேர் எதிரான படத்தைக் காட்டியது. ஈரோடு சௌந்தரின் கதையில் கே.எஸ். ரவிகுமார் இயக்கிய ‘நாட்டாமை’ (1994) ஓர் உதாரணம். ஊர்ப் பெரியவரின் நாற்காலி அங்கே நியாயத்தின் பீடம். கொலைப் பழி விழுந்ததும் அண்ணன் தன் தம்பியையே ஒதுக்கி வைக்கிறார். தீர்ப்பு பிழையாகவே இருந்தாலும் தீர்ப்பு சொல்பவரின் மனத்தூய்மையில் படத்துக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் படத்துக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் தாராபுரத்துப் பக்கத்து இளைஞர் ஒருவர் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரின் லாபநஷ்டக் கணக்கைப் பார்த்துவிட்டார். திரைக்கதை அதை மறந்தது ஒரு பெரிய பின்னடைவு என்றே நினைக்கிறேன். நடுவரைத் தெய்வமாக்கிவிட்டால் சுற்றியுள்ள உறவுகள் எல்லாம் அவருக்கு முன்னால் கைகட்டி நிற்கும் பொம்மைகளாகிவிடும். பெண் பாத்திரங்கள் முதலில் அப்படி ஆவார்கள்.

தமிழில் விதவைப் பாத்திரங்கள் நாகம்மாளுக்கு முன்னரும் உண்டு. அ. மாதவையாவின் ‘முத்துமீனாக்ஷி’ 1903இல் வந்துவிட்டது. சீர்திருத்த காலத்து விதவைகள் நம் இரக்கத்தைக் கேட்டார்கள்; மறுமணத்தில் விடுதலை பெற்றார்கள். திரையில் 1939இல் வந்த, கல்கியின் கதையைக் கே. சுப்ரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’யில் கணவனால் துரத்தப்பட்ட சாவித்திரி பணக்காரியாகத் திரும்பி வந்து, கோர்ட்டில் நின்று கணவனோடு வாழ மறுக்கிறாள். அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். ஆனால் அவளுக்குச் சொத்து உறவுக்காரி ஒருத்தி மூலம், யாரோடும் சண்டை போடாமல் வந்து சேர்ந்தது. நாகம்மாளுக்கு அப்படி எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. அவளுக்கு வேண்டியது கொழுந்தன் தினமும் உழுதுகொண்டிருக்கும் மண். அவள் யாருடைய இரக்கத்தையும் கேட்கவில்லை. அதனால்தான் வாசகருக்கு அவளோடு சேர்ந்து அழுவது சிரமமாக இருக்கிறது. அவளைவிட்டு மனத்தை எடுக்கவும் முடியவில்லை.

இன்று தாராபுரம் திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றுப்பட்டுப் பெண்கள் நூல்மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் வேனில் ஏறிப் போய் வருகிறார்கள். கவலை போய் மோட்டார் வந்து நெடுநாளாயிற்று. ஏர் பிடிக்க ஆண்கை வேண்டும் என்ற கட்டாயம் நாகம்மாளின் பேத்திகளுக்கு இல்லை. எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ (2004) போன்ற திருப்பூர் நாவல்களில் உறவுகளை இறுக்குவதும் அறுப்பதும் தொழிலும் கடனும்தான். சட்டமும் மாறியது: 1956இல் விதவைக்கு முழு உரிமை, 1989இல் தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு, 2005இல் நாடு முழுவதற்கும். ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு முற்பகல் உட்கார்ந்து பார்த்தால் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்திருக்கும் அக்கா தங்கைகளைப் பார்க்கலாம். தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். கேட்டால், பிறந்த வீட்டு வாசல் நாளைக்கும் திறந்திருக்க வேண்டுமல்லவா என்பார்கள். சீர் வரவேண்டும், பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி வேண்டும். உரிமை தாளில் வந்த பிறகும் அதைக் கேட்பதன் விலை உறவில்தான் வசூலிக்கப்படுகிறது. கையெழுத்துப் போட மறுக்கும் ஒரு தங்கையை நடுவில் வைத்து இந்தப் பகுதியிலிருந்து ஒரு நாவலோ படமோ வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அவளை வில்லியாகவும் ஆக்காமல் வீராங்கனையாகவும் ஆக்காமல் எழுத வேண்டும்.

கடைசியாக ராமாயி. விமரிசனங்களில் அதிகம் பேசப்படாதவள். ஒரே அடுப்பில் சமைத்த இரண்டு பெண்களில் ஒருத்திக்குக் கணவன் இருந்தான், மற்றவளுக்கு இல்லை, வித்தியாசம் அவ்வளவுதான். ராமாயியின் தாய் காளியம்மாள் ஓடிவந்து நிலத்தை விற்கச் சொல்வதை மகள்மேல் கொண்ட பாசம் என்கிறோம். நாகம்மாள் முத்தாயாவை வைத்துக்கொண்டு பங்கு கேட்பதைப் பேராசை என்கிறோம். இருவரும் ஒரே நிலத்தைத் தங்கள் மகளின் நாளைக்காகக் கணக்குப் போடுகிற தாய்மார்கள். காளியம்மாளின் யோசனை நிறைவேறினால் நாகம்மாளுக்குக் கேட்பதற்கே ஒன்றும் மிச்சமிருக்காது. எனவே நாகம்மாளின் அவசரத்துக்குக் கெட்டியப்பனைவிடக் காளியம்மாளின் வருகை பெரிய காரணம்.

சின்னப்பன் விழுந்த அந்தக் கணத்தில் ராமாயியும் நாகம்மாள் நிற்கும் இடத்துக்கே வந்துவிடுகிறாள். வீட்டில் இப்போது இரண்டு விதவைகள். ஆனால் அன்றைய சட்டத்தில் ஒரு வேறுபாடு இருந்தது. நாகம்மாளின் கணவன் இறந்தபோது நிலத்தை வாங்கிக்கொள்ளத் தம்பி இருந்தான். சின்னப்பன் இறந்தபோது அப்படி வாங்கிக்கொள்ள இன்னொரு சகோதரன் இல்லை. ஆண்பிள்ளை இல்லாத நிலையில், கடைசியாக மிஞ்சிய பங்காளியின் மனைவிக்கே அந்த நிலம் ஆயுள்வரை போகும். நாகம்மாள் கேட்டுக் கிடைக்காத காடு, அவள் பக்கத்து ஆளின் கையால் நடந்த கொலைக்குப் பிறகு, கேட்காமலே ராமாயியைச் சேர்கிறது. நாகம்மாளுக்குப் பழையபடி சீவனாம்சம்தான். அதையும் இனி ராமாயியிடம்தான் கேட்க வேண்டும்.